7.3 சதவீத வளர்ச்சிக் கணிப்பு: பங்கு வாங்கும் தனிநபர் இதை எப்படி வாசிப்பது?

மதுரைச் சேமிப்பாளர்
5 டிசம்பர் 2025, மாலை 6.40

அனைவருக்கும் வணக்கம். இன்று காலை ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை (வங்கிகளுக்கு அது கொடுக்கும் குறுகியகாலக் கடனுக்கான வட்டி) 5.50 சதவீதத்திலிருந்து 5.25 ஆகக் குறைத்திருக்கிறது. நடப்பு 2025-26 நிதியாண்டுக்கான வளர்ச்சிக் கணிப்பை 6.8 சதவீதத்திலிருந்து 7.3 ஆக உயர்த்தி, பணவீக்கக் கணிப்பை 2.6 சதவீதத்திலிருந்து 2.0 ஆகத் தாழ்த்தியும் இருக்கிறது. உயர்ந்த வளர்ச்சியும் தாழ்ந்த பணவீக்கமும் சேர்ந்து வருவது அரிது என்று ஆளுநர் சஞ்சய் மல்ஹோத்ராவே குறிப்பிட்டிருக்கிறார்.

பூர்வீக மனையை விற்ற வகையில் என் பங்காக வந்த 12 லட்சம் ரூபாய் சேமிப்புக் கணக்கில் கிடக்கிறது. கடன் ஏதும் இல்லை. மாதாமாதம் ஃபண்டில் போடும் எஸ்ஐபி தனியாகப் போய்க்கொண்டிருக்கிறது. மகள் கல்லூரிக்குப் போக இன்னும் ஏழு ஆண்டுகள் இருக்கின்றன. நாடு இவ்வளவு வேகமாக வளரப்போகிறது என்று ரிசர்வ் வங்கியே சொல்லும்போது, மொத்தத் தொகையையும் இப்போதே நிஃப்டி குறியீட்டிலுள்ள 50 பெரிய கம்பெனிகளின் பங்குகளை அப்படியே வாங்கும் இண்டெக்ஸ் ஃபண்டிலும் இரண்டு பெரிய வங்கிப் பங்குகளிலும் போட்டுவிடலாமா என்பது என் கேள்வி. அலுவலகத்தில் பலரும் "ஜிடிபி (நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பு) ஏறினால் சந்தை ஏறத்தானே வேண்டும்" என்கிறார்கள். அனுபவமுள்ளவர்கள் விளக்க வேண்டும்.

தரவு நோக்கர்
5 டிசம்பர் 2025, இரவு 8.15

உங்கள் கேள்விக்குக் கடந்த 14 மாதங்களின் வரலாறே விடை சொல்கிறது என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

2024 செப்டம்பர் 27 அன்று நிஃப்டி 26,277 புள்ளிகளைத் தொட்டது. அதன் பிறகு நவம்பர் 29 அன்று, ஜூலை-செப்டம்பர் 2024 காலாண்டின் வளர்ச்சி 5.4 சதவீதம் என்று அறிவிக்கப்பட்டது. அந்தக் காலாண்டுக்கு ரிசர்வ் வங்கி 7.0 சதவீதத்தை எதிர்பார்த்திருந்தது. அதாவது, காலாண்டு முடிந்தே போன பின்பு அக்டோபரில் சொன்ன கணிப்பில்கூட 1.6 புள்ளி வித்தியாசம். ஓராண்டு கழித்து, 2025இன் அதே காலாண்டில் வளர்ச்சி 8.2 சதவீதம் என்று சென்ற வாரம் அறிவித்தார்கள். 5.4இலிருந்து 8.2க்கு வந்திருக்கிறோம். ஆனால் நிஃப்டி தன் பழைய உச்சத்தைத் தாண்டியது சென்ற மாதம் 27ஆம் தேதிதான். நாட்டின் வளர்ச்சி இவ்வளவு வேகம் பிடித்த காலத்தில், 2024 செப்டம்பர் உச்சத்தில் இண்டெக்ஸ் ஃபண்டில் மொத்தமாகப் போட்டவருக்கு ஈவுத்தொகை தவிர ஏறக்குறைய எதுவும் கிடைக்கவில்லை.

இடையில் ஒரு நாளைச் சற்று நெருங்கிப் பாருங்கள். 2024 நவம்பர் 29 வெள்ளிக்கிழமை. சந்தை 24,131இல் முடிந்த பிறகு, மாலை நான்கு மணிக்கு அந்த 5.4 சதவீத எண் வெளிவந்தது. திங்கட்கிழமை சந்தை பலத்த சரிவைச் சந்திக்கும் என்று வார இறுதி முழுவதும் பேச்சாக இருந்தது. திங்கட்கிழமை தொடக்கத்தில் சிறிது இறங்கிய நிஃப்டி, அன்று 24,276இல், முந்தைய முடிவைவிட 145 புள்ளிகள் மேலே முடிந்தது. வளர்ச்சி குறைந்ததால் வட்டிக் குறைப்பு நெருங்கிவிட்டது என்ற எதிர்பார்ப்பு அதற்கு ஒரு காரணம். மற்றொன்று, செப்டம்பர் உச்சத்திலிருந்து எண் வெளிவருவதற்கு முன்பே சந்தை 2,000 புள்ளிகளுக்கு மேல் இறங்கியிருந்தது. அந்தக் காலாண்டில் கார் விற்பனை மந்தமாக இருந்ததையும் நகர்ப்புற நுகர்வு குறைந்ததையும் அக்டோபரில் வந்த கம்பெனி முடிவுகளே காட்டிக்கொடுத்துவிட்டன. ஜிடிபி எண் அந்தச் செய்தியை ஒரு மாதம் கழித்துக் கொண்டுவந்து சேர்த்தது.

எனவே கேட்க வேண்டியது, "வளர்ச்சி 7.3 ஆக இருக்குமா?" என்பதைவிட, "7.3ஐ எதிர்பார்த்து இன்றைய விலையில் ஏற்கெனவே எவ்வளவு ஏறியிருக்கிறது?" என்பதே.

மதுரைச் சேமிப்பாளர்
5 டிசம்பர் 2025, இரவு 9.02

விரிவான பதிலுக்கு மிக்க நன்றி. விலையில் ஏற்கெனவே ஏறிவிட்டது என்பது புரிகிறது. ஆனால் நாடு 8.2 சதவீதம் வளர்ந்தால் கம்பெனிகளின் லாபமும் அந்த அளவுக்காவது வளர்ந்திருக்க வேண்டும் அல்லவா? லாபம் வளர்ந்தும் 14 மாதங்கள் விலை நகரவில்லை என்பதுதான் எனக்கு எட்டவில்லை.

ஓய்வுபெற்ற வங்கியர்
6 டிசம்பர் 2025, காலை 7.30

தம்பி, லாபம் அந்த அளவுக்கு வளரவில்லை என்பதே விடை. அதற்கான காரணம் பெரும்பாலான தொலைக்காட்சி விவாதங்களில் பேசப்படுவதில்லை என்பதால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

செய்தியில் வரும் 8.2 சதவீதம் என்பது விலைவாசி மாற்றத்தைக் கழித்துக் கணக்கிட்ட வளர்ச்சி. நிலையான விலையிலான வளர்ச்சி என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். ஆனால் எந்தக் கம்பெனியும் தன் கணக்கை நிலையான விலையில் எழுதுவதில்லை. விற்ற சோப்புக்கு அன்றைய விலையில் பில் போடுகிறது. ஊழியருக்கு இன்றைய ரூபாயில் சம்பளம் கொடுக்கிறது. ஆகவே கம்பெனியின் விற்றுமுதலோடு ஒப்பிட வேண்டியது நடப்பு விலையிலான வளர்ச்சியை. ஜூலை-செப்டம்பர் 2025 காலாண்டில் அது 8.7 சதவீதம்தான். அதற்கு முந்தைய காலாண்டில் 8.8. 8.2க்கும் 8.7க்கும் நடுவே உள்ள விலை ஏற்றம் அரை சதவீத அளவுக்குச் சுருங்கிவிட்டதால்தான் நிலையான விலை வளர்ச்சி இவ்வளவு உயரமாகத் தெரிகிறது. அக்டோபர் மாதச் சில்லறைப் பணவீக்கம் 0.25 சதவீதம் என்பதை நினைவில் வையுங்கள்.

ஒரு சோப்புக் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். சென்ற ஆண்டு 100 ரூபாய்க்கு விற்றது; செலவு 88, லாபம் 12 என்று வைத்துக்கொள்ளுங்கள். உற்பத்தி 7 சதவீதமும் விலை 5 சதவீதமும் ஏறும் ஆண்டில் விற்பனை 112 ரூபாய்க்கு மேல் போகும். உற்பத்தி 8 சதவீதம் ஏறி விலை அரை சதவீதம் மட்டுமே ஏறும் ஆண்டில் விற்பனை ஏறக்குறைய 108 ரூபாய் 50 காசில் நின்றுவிடும். இரண்டாவது ஆண்டுதான் நாட்டுக்கு நல்ல ஆண்டு. மக்கள் அதிகச் சோப்பு வாங்குகிறார்கள், விலையும் ஏறவில்லை. ஆனால் அந்தக் கம்பெனியின் சம்பளம், வாடகை, விளம்பரம் ஆகியவை 9 சதவீதம் ஏறியிருந்தால், லாபம் விற்பனை ஏறிய அளவுக்குக்கூட ஏறாது. மூலப்பொருள் விலை இறங்கினால் சில காலாண்டுகளுக்குக் கைகொடுக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெயிண்ட், டயர் கம்பெனிகளுக்கு அப்படி நடப்பதுண்டு. மொத்தத்தில் பார்த்தால், செய்தித்தாளின் தலைப்பு எண் உயர்ந்துகொண்டே போன இந்த ஓராண்டில் பெரிய கம்பெனிகளின் லாப வளர்ச்சி பெரும்பாலும் ஒற்றை இலக்கத்தில்தான் இருந்தது.

மத்திய அரசும் இதே இக்கட்டில்தான் இருக்கிறது. 2025-26 பட்ஜெட் நடப்பு விலையில் 10.1 சதவீத வளர்ச்சி இருக்கும் என்று வைத்துப் போடப்பட்டது. வரி என்பதும் நடப்பு விலையில் வசூலாவது. நடப்பு விலை வளர்ச்சி குறைந்தால் வரி வரவு குறையும்; பற்றாக்குறையை ஜிடிபியில் 4.4 சதவீதத்துக்குள் வைக்க வேண்டுமென்றால் செலவில் எங்காவது கை வைக்க நேரும். சாலை, ரயில், பாதுகாப்புத் துறை ஆர்டர்களை நம்பியிருக்கும் கம்பெனிகளின் பங்குகளை வைத்திருப்பவர் 7.3 என்ற எண்ணை விட்டுவிட்டு இதைக் கவனிப்பது நல்லது. பிப்ரவரி 1 அன்று அடுத்த பட்ஜெட் வரும்போது, அதில் நடப்பு விலை வளர்ச்சியை எவ்வளவு என்று வைக்கிறார்கள் என்று தேடிப் பாருங்கள். அது ஓர் ஓரத்தில் சிறிய எழுத்தில்தான் இருக்கும்.

இன்னொன்றும் உண்டு. 12 லட்சமும் ஒரே வங்கியில் இருந்தால், டெபாசிட் காப்பீடு ஒருவருக்கு ஒரு வங்கியில் 5 லட்சம் ரூபாய் வரைதான் என்பதை மறக்க வேண்டாம். பெரிய வங்கிகளில் சேமிப்புக் கணக்கின் வட்டியும் இப்போது 2.5 சதவீதம்தான். பங்கு வாங்குவது பற்றிய முடிவு எதுவானாலும், பணத்தை அங்கேயே நீண்ட நாள் வைத்திருக்க வேண்டாம்.

பின்னலாடை ஊர்க்காரர்
6 டிசம்பர் 2025, காலை 11.10

திருப்பூரிலிருந்து எழுதுகிறேன். ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீத வரி விதித்திருக்கிறது. எங்கள் ஊர் ஏற்றுமதியில் கணிசமான பங்கு அமெரிக்காவுக்குப் போவது. கோடைக்கால ஆர்டர்களுக்கான பேச்சு நடக்க வேண்டிய நேரத்தில், வாங்குபவர்கள் வரியில் ஒரு பகுதியை நாங்கள் ஏற்க வேண்டும் என்கிறார்கள். சிலர் ஆர்டரை வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் மாற்றுகிறார்கள். தையல் பிரிவில் ஓவர்டைம் நின்றுவிட்டது. வடமாநிலத் தொழிலாளர்கள் தீபாவளிக்கு ஊருக்குப் போனவர்கள் திரும்பி வரலாமா என்று தொலைபேசியில் கேட்கிறார்கள்.

இதே காலத்தில் ரிசர்வ் வங்கியின் கணிப்பு ஆகஸ்டில் 6.5, அக்டோபரில் 6.8, இப்போது 7.3. மூன்று முறையும் எண் சரியாகவே இருக்கலாம். இந்தியாவின் மொத்த உற்பத்தியில் அமெரிக்காவுக்குப் போகும் சரக்கின் பங்கு சிறியது. உள்நாட்டு நுகர்வு பெரியது. செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி குறைந்ததால் கார், டிவி விற்பனை கூடியது. சராசரியில் எங்கள் ஊர் கரைந்துபோகிறது. ஆனால் ஆடை ஏற்றுமதிக் கம்பெனியின் பங்கை வைத்திருப்பவருக்குச் சராசரி எந்த வகையிலும் உதவாது. அவர் வைத்திருப்பது இந்தியாவை அல்ல, ஒரு கம்பெனியை. அந்தக் கம்பெனியின் சரக்கு எந்தத் துறைமுகத்துக்குப் போகிறது, எந்தப் பணத்தில் பில் போடுகிறது என்பதைத்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். டாலர் இந்த வாரம் 90 ரூபாயைத் தாண்டியது எங்களுக்குச் சிறு ஆறுதல். இறக்குமதியை நம்பியிருக்கும் தொழிலுக்கு அதுவே சுமை. ஒரே செய்தி இரண்டு பங்குகளுக்கு இரண்டு விதமாக வேலை செய்கிறது.

தரவு நோக்கர்
6 டிசம்பர் 2025, பிற்பகல் 1.25

ஊர்க்காரர் ஐயா சொல்வதை நிஃப்டிக்கும் நீட்டிப் பார்க்கலாம். நிஃப்டியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் நிதித் துறை. அடுத்து வரும் பெரிய துறைகளில் ஒன்றான மென்பொருள் சேவையின் வருமானம் பெரும்பாலும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருந்து வருகிறது. மறுபுறம், நாட்டின் உழைப்பாளர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் ஈடுபட்டிருக்கும் வேளாண்மைக்கு அதில் நேரடி இடமே இல்லை. தெருமுனைக் கடை, சிறு பட்டறை, அரசு அலுவலகம் ஆகியவற்றின் மதிப்பெல்லாம் ஜிடிபியில் சேரும். பங்குச் சந்தையில் சேராது. நாடும் சந்தையும் ஒரே வேகத்தில் போக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

சீனாவைப் பாருங்கள். ஷாங்காய் குறியீடு 2007 அக்டோபரில் 6,124ஐத் தொட்டது. அதற்குப் பின் சீனப் பொருளாதாரம் டாலர் மதிப்பில் ஐந்து மடங்குக்கும் மேல் பெருகிவிட்டது. அந்தக் குறியீடு இன்றுவரை அந்த உயரத்துக்குத் திரும்பவில்லை. அன்று வாங்கியவர்கள் கொடுத்த விலை மிக அதிகம் என்பது ஒரு காரணம். வளர்ச்சிக்குத் தேவையான மூலதனத்தைக் கம்பெனிகள் புதிய பங்குகளை வெளியிட்டே திரட்டியதால், லாபம் பெருகினாலும் அதைப் பங்கிட்டுக்கொள்வோரின் எண்ணிக்கையும் கூடவே பெருகியது என்பது இன்னொன்று. புளோரிடா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜே ரிட்டர் 2005இல் வெளியிட்ட ஆய்வில், 16 நாடுகளின் நூறாண்டுத் தரவில், தனிநபர் வருமானம் வேகமாக வளர்ந்த நாடுகளில் பங்கு ஆதாயம் அதிகமாக இருந்ததற்கான தடயமே கிடைக்கவில்லை. தொடர்பு எதிர்த்திசையில்கூட இருந்தது. நம் நாட்டிலும் 2024இல் மட்டும் ஐபிஓ (முதன்முறைப் பங்கு வெளியீடு) வழியாக 1.5 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் திரட்டப்பட்டதை மனத்தில் வைத்து இதைப் படியுங்கள்.

கோமதி நாயகம்
6 டிசம்பர் 2025, மாலை 4.50

இதுவரை எழுதியவர்களிடமிருந்து நான் வேறுபடுகிறேன். கணிப்புகளுக்கும் சந்தைக்கும் தொடர்பில்லை என்ற எண்ணத்தைப் புதிதாக வருபவர்களிடம் விதைப்பது ஆபத்து. 2008இலும் 2020இலும் பொருளாதாரம் சரிந்தது, சந்தையும் பாதிக்கு மேலோ மூன்றில் ஒரு பங்குக்கு மேலோ சரிந்தது. அந்தச் சரிவுகளில் சேமிப்பை இழந்த குடும்பங்களை நான் அறிவேன். பொருளாதாரம் திரும்புவதைக் கவனித்து முன்கூட்டியே கொஞ்சம் ஒதுங்கி நின்றிருந்தால் அவர்கள் தப்பித்திருப்பார்கள். பெரிய ஃபண்ட் நிறுவனங்கள் எல்லாம் தனியாகப் பொருளாதார வல்லுநர்களைச் சம்பளம் கொடுத்து வைத்திருப்பது வீணாகவா?

தரவு நோக்கர்
6 டிசம்பர் 2025, இரவு 7.35

கோமதி அம்மா, பொருளாதாரத்துக்கும் சந்தைக்கும் தொடர்பு உண்டு என்பதை நானும் ஏற்கிறேன். நீங்கள் குறிப்பிட்ட இரண்டு சரிவுகளிலும், வெளியிடப்பட்ட கணிப்பு தனிநபரை முன்கூட்டி எச்சரித்ததா என்பதில்தான் நாம் வேறுபடுகிறோம்.

2008 ஜனவரியில் மும்பைப் பங்குச் சந்தைக் குறியீடான சென்செக்ஸ் 21,206ஐத் தொட்டுவிட்டு இறங்கத் தொடங்கியது. ஏப்ரல் இறுதியில் ரிசர்வ் வங்கி 2008-09க்குக் கொடுத்த கணிப்பு 8 முதல் 8.5 சதவீதம். அதை நம்பி வைத்திருந்தவர், அக்டோபர் 27 அன்று சென்செக்ஸ் 7,700க்கும் கீழே போனதைப் பார்த்தார். 2020இல் இதற்கு நேர்மாறாக நடந்தது. பன்னாட்டு நிதியம் (ஐஎம்எஃப்) ஏப்ரல் 14 அன்று இந்தியா 1.9 சதவீதம் வளரும் என்றது. அப்போது நிஃப்டி 9,000க்கு அருகே. ஜூனில் அதைக் கழித்தல் 4.5 என்று மாற்றியது. அக்டோபர் 13 அன்று கழித்தல் 10.3 என்றது, அன்று நிஃப்டி 11,900க்கும் மேல். கணிப்பு 12 சதவீதப் புள்ளிகள் மோசமான அதே ஆறு மாதங்களில் குறியீடு மூன்றில் ஒரு பங்கு ஏறியிருக்கிறது. கணிப்பைப் பின்பற்றி ஒதுங்கியவர் தாழ்ந்த விலையில் விற்றிருப்பார்.

2025 ஏப்ரலையும் பாருங்கள். அமெரிக்க வரி அச்சத்தில் நிஃப்டி ஏப்ரல் 7 அன்று 21,743 வரை விழுந்தது. ரிசர்வ் வங்கி வளர்ச்சிக் கணிப்பை 6.7இலிருந்து 6.5 ஆகக் குறைத்தது ஏப்ரல் 9 அன்று. ஜூன் இறுதியில் நிஃப்டி 25,500க்கும் மேல். அமெரிக்காவில் 2022 அக்டோபரில் ப்ளூம்பெர்க் நிறுவனத்தின் பொருளாதாரக் கணக்கீட்டு மாதிரி ஒன்று, அடுத்த ஓராண்டுக்குள் மந்தநிலை வருவதற்கான வாய்ப்பு 100 சதவீதம் என்றது. மந்தநிலை வரவில்லை, 2023இல் எஸ் அண்ட் பி 500 குறியீடு 24 சதவீதம் ஏறியது.

இதற்காக ரிசர்வ் வங்கியையோ நிதியத்தையோ குறை சொல்வது முறையாகாது. ரிசர்வ் வங்கி ஏப்ரலிலும் அக்டோபரிலும் வெளியிடும் பணக்கொள்கை அறிக்கையில் விசிறி போல் விரியும் ஒரு வரைபடம் இருக்கும். எண் எந்த எல்லைக்குள் விழக்கூடும் என்பதை 50, 70, 90 சதவீத நிகழ்தகவுப் பட்டைகளாக அதில் காட்டியிருப்பார்கள். பட்டை அகலமானது. செய்தி நிறுவனங்கள் பட்டையை விட்டுவிட்டு நடுவிலுள்ள கோட்டை மட்டும் எடுத்து வெளியிடுகின்றன. அந்தக் கணிப்பின் முதன்மை வேலை வட்டி விகிதத்தை முடிவு செய்வது. நம்மைப் பங்கு வாங்கவோ விற்கவோ வைப்பது அதன் நோக்கத்திலேயே இல்லை.

கோமதி நாயகம்
6 டிசம்பர் 2025, இரவு 9.20

2020இன் எண்கள் என்னை யோசிக்க வைக்கின்றன. அதை மறுக்க மாட்டேன். ஆனாலும் ஓர் இடத்தில் நிற்கிறேன். கணிப்பின் தலைப்பு எண்ணை வைத்து ஒதுங்க முடியாமல் போகலாம். கடன் வளர்ச்சி, வட்டியின் போக்கு, பணவீக்கம் என்று அந்த அறிக்கைக்குள் இருப்பவை குறிப்பிட்ட துறைகளைத் தொடுகின்றன அல்லவா? மதுரைத் தம்பி வங்கிப் பங்கு வாங்கப்போவதாகச் சொன்னார். வட்டி குறைந்தால் வங்கிகளுக்கு நல்லது என்ற கணக்கில்தான் அதைச் சொல்லியிருப்பார். அதைப் பற்றி வங்கியர் ஐயா எழுதினால் எல்லோருக்கும் பயன்படும்.

ஓய்வுபெற்ற வங்கியர்
7 டிசம்பர் 2025, காலை 8.05

சகோதரி கேட்டது மிகச் சரியான கேள்வி. இங்கேதான் கணிப்பு அறிக்கையை வாசிக்கத் தெரிந்தவருக்கும் தலைப்பை மட்டும் வாசிப்பவருக்கும் வேறுபாடு தெரியும்.

2019 அக்டோபர் முதல், தனிநபர்களுக்கும் சிறு தொழில்களுக்கும் கொடுக்கும் புதிய மாறும் வட்டிக் கடன்களை வெளி அளவுகோல் ஒன்றோடு இணைக்க வேண்டும் என்பது விதி. பெரும்பாலான வங்கிகள் ரெப்போவோடு இணைத்திருக்கின்றன. ஆகவே ரெப்போ குறைந்தால் வீட்டுக் கடன் வட்டி மூன்று மாதங்களுக்குள் குறைந்தாக வேண்டும். ஆனால் டெபாசிட் அப்படி இல்லை. இரண்டாண்டுக்கு 7.25 சதவீதம் என்று சென்ற ஆண்டு வாங்கிய எஃப்டிக்கு, அது முதிரும்வரை வங்கி அதே வட்டியைக் கொடுத்தே தீர வேண்டும். இந்த ஆண்டில் ரெப்போ 6.50இலிருந்து 5.25 வரை, மொத்தம் 1.25 சதவீதம் இறங்கியிருக்கிறது. வரும் வட்டி உடனே குறைய, கொடுக்கும் வட்டி மெல்ல மெல்லக் குறைவதால், நடுவில் உள்ள வட்டி லாப விகிதம் சில காலாண்டுகளுக்கு நெருக்கப்படும். பழைய டெபாசிட்டுகள் முதிர்ந்து புதிய வட்டியில் புதுப்பிக்கப்பட்ட பிறகுதான் அது மீளும். நிலையான வட்டியில் வாகனக் கடன் கொடுத்துவிட்டு, தான் வாங்கும் கடனுக்கு மாறும் வட்டி கட்டும் நிதி நிறுவனத்துக்கு இதுவே தலைகீழாக நடக்கும். அதற்கு வட்டிக் குறைப்பு உடனடி நன்மை.

ஆகவே வங்கிப் பங்கு வாங்குபவர் அந்த வங்கியின் காலாண்டு அறிக்கையில் மூன்று இடங்களை முதலில் பார்க்கட்டும்: கடனில் எத்தனை பங்கு ரெப்போவோடு இணைந்தது, குறைந்த வட்டியுள்ள நடப்பு, சேமிப்புக் கணக்கு டெபாசிட்டுகளின் விகிதம் என்ன, புதிதாக வாராக்கடன் ஆனது எவ்வளவு. முப்பது ஆண்டுகளுக்கு மேல் கிளைகளில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். நாட்டின் வளர்ச்சி நன்றாக இருக்கும் ஆண்டுகளில்தான் மோசமான கடன்கள் கொடுக்கப்படுகின்றன, அவை வெளியே தெரிய இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகின்றன. 2010-11ஐ ஒட்டிய நல்ல ஆண்டுகளில் மின்சாரத்துக்கும் இரும்புக்கும் சாலைக்கும் கொடுத்த கடன்கள்தான் 2015க்குப் பிறகு வாராக்கடன்களாகக் குவிந்தன.

மதுரைச் சேமிப்பாளர்
7 டிசம்பர் 2025, காலை 10.45

ஐயா, இவ்வளவு தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. அப்படியானால் தனி வங்கிப் பங்குகளை இப்போதைக்கு விட்டுவிடுகிறேன். இண்டெக்ஸ் ஃபண்டிலேயே வங்கிகள் உள்ளிட்ட நிதித் துறை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருக்கிறது என்பதும் இப்போதுதான் உறைக்கிறது. கடன் ஃபண்டுகள் பற்றி ஒரு கேள்வி. வட்டி இறங்கிக்கொண்டிருப்பதால் நீண்டகாலக் கடன் பத்திர ஃபண்டில் நல்ல ஆதாயம் வரும் என்று ஒருவர் சொல்கிறார். அது சரியா?

தரவு நோக்கர்
7 டிசம்பர் 2025, பிற்பகல் 12.10

சுருக்கமாகச் சொல்கிறேன். ஜூன் மாதம் ரிசர்வ் வங்கி ஒரே அடியாக அரை சதவீதம் குறைத்தது. ஆனால் தன் நிலைப்பாட்டை நடுநிலைக்கு மாற்றிவிட்டதால், மேலும் குறைப்பு வராது என்று எண்ணிய பத்திரச் சந்தையில் பத்தாண்டு அரசுப் பத்திரத்தின் ஈட்டம் (அன்றைய விலையில் வாங்குபவருக்குக் கிடைக்கும் வருவாய் விகிதம்) அதற்குப் பிந்தைய வாரங்களில் ஏறியது. ஈட்டம் ஏறினால் பழைய பத்திரங்களின் விலை இறங்கும். ரெப்போ குறைந்தும் நீண்டகால ஃபண்டில் போட்டவர் இழப்பைப் பார்த்தார். பத்திரச் சந்தையும் எதிர்பார்ப்பை முன்கூட்டியே விலையில் ஏற்றிவிடுகிறது. தவிர, 2023 ஏப்ரலுக்குப் பின் வாங்கிய கடன் ஃபண்டுகளின் ஆதாயம் முழுவதும் உங்கள் வருமான வரி அடுக்கிலேயே வரிக்கு உட்படும்.

கோமதி நாயகம்
7 டிசம்பர் 2025, மாலை 5.30

தம்பியின் 12 லட்சத்துக்கே வருவோம். நானும் இதில் தெளிவான கருத்து வைத்திருக்கிறேன். ஏழு ஆண்டுகளில் கல்லூரிக் கட்டணம் என்பது தள்ளிப்போட முடியாத செலவு. ஆறாவது ஆண்டு முடிவில் சந்தை 2020 மார்ச்சைப் போல் விழுந்தால், அன்று ரிசர்வ் வங்கி என்ன கணித்திருந்தது என்பது கல்லூரிக்குத் தேவையில்லை. வீட்டில் ஆறு மாதச் செலவுக்கும் மருத்துவத் தேவைக்கும் ஒரு தொகையை எஃப்டியிலோ, மிகக் குறுகிய காலப் பத்திரங்களில் போடும் லிக்விட் ஃபண்டிலோ முதலில் ஒதுக்குங்கள். படிப்புக்கு வேண்டிய தொகையில் ஒரு பகுதியாவது ஏழாண்டில் முதிரும் பாதுகாப்பான இடத்தில் இருக்கட்டும். மிச்சத்தைப் பங்கு சார்ந்த ஃபண்டில் வைத்து, தேவை நெருங்கும் கடைசி இரண்டு மூன்று ஆண்டுகளில் படிப்படியாக வெளியே எடுத்துவிடுங்கள்.

ஓய்வுபெற்ற வங்கியர்
7 டிசம்பர் 2025, இரவு 7.00

சகோதரி சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். பங்குக்கு ஒதுக்கும் பகுதியை ஒரே நாளில் போடுவதா, ஓராண்டில் பிரித்துப் போடுவதா என்பதில் என் சாய்வு பிரித்துப் போடுவதற்கே. நீண்டகாலக் கணக்கில் மொத்தமாகப் போடுவது பெரும்பாலான தருணங்களில் சற்றுக் கூடுதலாகத் தரும் என்பது உண்மைதான். ஆனால் போட்ட மூன்றாவது மாதத்தில் இருபது சதவீதம் இறங்கினால் மனம் தாங்காமல் விற்றுவிடுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பூர்வீக மனை விற்ற பணம் என்றால் வீட்டில் கேள்வியும் கூடுதலாக வரும். அதோடு, கணிப்பு மாறும்போதெல்லாம் விற்று வாங்குவதற்கு ஒரு நேரடிச் செலவு இருக்கிறது: ஓராண்டுக்குள் விற்றால் ஆதாயத்தில் 20 சதவீதம் வரி, அதற்குப் பின் என்றால் ஆண்டுக்கு 1.25 லட்சத்துக்கு மேற்பட்ட ஆதாயத்தில் 12.5 சதவீதம். ரிசர்வ் வங்கி இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணிப்பைத் திருத்துகிறது. நீங்களும் அந்தத் தாளத்துக்கு ஆடினால் லாபத்தின் ஒரு பகுதி வரியிலேயே போய்விடும்.

மதுரைச் சேமிப்பாளர்
8 டிசம்பர் 2025, காலை 9.15

உங்கள் அனைவருக்கும் நன்றி. இரண்டரை லட்சத்தை அவசரத் தேவைக்கு ஒதுக்கி, நான்கு லட்சத்தை வேறு இரண்டு வங்கிகளில் எஃப்டியாகப் பிரித்து, மீதியை லிக்விட் ஃபண்டில் வைத்து அங்கிருந்து மாதந்தோறும் இண்டெக்ஸ் ஃபண்டுக்கு மாற்றுவதாக முடிவு செய்திருக்கிறேன். வீட்டில் மனைவியும் இதற்குச் சம்மதித்துவிட்டார்.

கடைசியாக ஒரு சந்தேகம். பிப்ரவரி 27 அன்று ஜிடிபி கணக்கின் அடிப்படை ஆண்டு (எந்த ஆண்டின் விலைகளை வைத்து ஒப்பிடுகிறார்களோ அது) 2011-12இலிருந்து 2022-23க்கு மாறப்போவதாகவும், பழைய ஆண்டுகளின் வளர்ச்சி எண்களும் மாறும் என்றும் படித்தேன். பன்னாட்டு நிதியம் நம் தேசியக் கணக்குகளுக்கு, குறைபாடுகள் உள்ளவை என்று சொல்லும் 'சி' தரம் கொடுத்ததும் செய்தியில் வந்தது. எண்கள் குறைந்தால் சந்தை விழுமா?

தரவு நோக்கர்
8 டிசம்பர் 2025, மாலை 6.20

எண்கள் மாறுவது புதிதல்ல. 2023-24ஆம் ஆண்டின் வளர்ச்சியை 2023 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி 6.5 என்று கணித்தது. 2024 ஜனவரியில் அரசின் முதல் முன்மதிப்பீடு 7.3, பிப்ரவரியில் 7.6, மே மாதம் 8.2 என்று வந்து, 2025 பிப்ரவரியில் 9.2 ஆகத் திருத்தப்பட்டது. ஆண்டு முடிந்து பதினொரு மாதங்களுக்குப் பிறகு ஒரு முழு சதவீதம் கூடியது. அந்தத் திருத்தம் வந்த 2025 பிப்ரவரி 28 அன்று நிஃப்டி 22,125 அருகே, அந்தச் சரிவில் அதுவரை கண்டிராத தாழ்ந்த நிலையில் முடிந்தது.

புதிய அடிப்படை ஆண்டால் 2023இல் ஒரு சிமென்ட் கம்பெனி விற்ற மூட்டைகள் கூடவோ குறையவோ போவதில்லை. அது கட்டிய வரியும் கொடுத்த ஈவுத்தொகையும் அப்படியேதான் இருக்கும். மாறக்கூடியது, ஜிடிபியால் வகுத்துக் கணக்கிடும் விகிதங்கள்: அரசின் பற்றாக்குறை ஜிடிபியில் எத்தனை சதவீதம், அரசுக் கடன் எத்தனை சதவீதம் என்பவை. மொத்த ஜிடிபியின் ரூபாய் மதிப்பு குறைத்துக் காட்டப்பட்டால் அதே பற்றாக்குறை கூடுதல் சதவீதமாகத் தெரியும். பத்திரச் சந்தை அதைக் கவனிக்கும், பத்தாண்டுப் பத்திரத்தின் ஈட்டம் கொஞ்சம் நகரலாம். உங்கள் லிக்விட் ஃபண்டில் இருப்பவை 91 நாட்களுக்குள் முதிரும் பத்திரங்கள் என்பதால், அந்த நகர்வு உங்கள் பணத்தைத் தொடுவது மிகக் குறைவாகவே இருக்கும். மாத மாற்றத்தைப் பிப்ரவரி 27க்காக நிறுத்தி வைக்க வேண்டாம்.